இரவிலும் அளக்க வேண்டிய இரத்த அழுத்தம்

கிளினிக்கில் காலை பத்து மணிக்கு எடுக்கும் இரத்த அழுத்தம் ஒரு நாளின் ஒரே ஒரு புள்ளிதான். உடலுக்கோ நாள் முழுவதும் ஏற்ற இறக்கம் உண்டு. ஏறக்குறைய 24 மணி நேரத்தில் ஒரு சுற்று முடியும் இந்தத் தாளத்திற்கு 1959இல் 'சர்க்காடியன்' என்று பெயர் சூட்டியவர், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிரான்ஸ் ஹால்பெர்க். அதை அளக்க அவர் வளர்த்த கணக்கு முறை 'கோசைனர்'.

பெயர்தான் மிரட்டுகிறது. மேற்கையில் பட்டை கட்டி, பகலிலும் உறக்கத்திலும் கருவி எடுத்த அளவுகளைப் புள்ளிகளாக வைக்கிறோம். அவற்றை மிக நெருங்கிச் செல்லும் அலைக்கோட்டைக் கணினி தேடுகிறது. அலையின் நடுமட்டம், அதிலிருந்து ஏறும் உயரம், உச்சத்தைத் தொடும் நேரம் ஆகிய மூன்றும் கிடைக்கும். அந்த அலை உண்மையா, தற்செயலா என்றும் சோதிக்க வேண்டும்.

பொதுவாக உறக்கத்தில் அழுத்தம் 10 முதல் 20 விழுக்காடு இறங்கும். இறங்காதவர்களுக்கு, பகல் அளவு சரியாக இருந்தாலும்கூட, மாரடைப்பு, பக்கவாத ஆபத்து அதிகம். ஆகவே பகலில் மட்டும் அளந்துவிட்டு இரவை அலைக்கோட்டால் ஊகிப்பது தவறு. இரவு வேலை பார்ப்பவருக்கு உச்ச நேரமே இடம் மாறியிருக்கலாம். அவர் எத்தனை மணிக்குப் படுத்தார், எழுந்தார் என்பதையும் குறித்துக் கொடுத்தால்தான் மருத்துவரால் அந்தக் கோட்டைச் சரியாகப் படிக்க முடியும்.