ஆஃபீஸ் மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவும் முன்: உரிமைகள், ஆபத்துகள், தீர்வுகள்

வேர்டு திறந்த வேகத்தில் மூடிக்கொள்வது, எக்ஸெல் பாதியில் உறைந்து நிற்பது, காசு கொடுத்து வாங்கிய ஆஃபீஸ் திடீரென உரிமம் இல்லை என்று எச்சரிப்பது ஆகியவை விண்டோஸ் கணினி உள்ள வீடுகளில் அடிக்கடி வரும் கோளாறுகள். இவற்றுக்கு மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸை முழுவதும் நீக்கி மீண்டும் நிறுவுவது கடைசி மருந்து. அதையும் செலவில்லாமல் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அவசரத்தில் முன்பின் தெரியாதவரிடம் கணினியை ஒப்படைக்கும்போதுதான் கோப்புகளும் பணமும் பறிபோகின்றன.

நீக்காமலே சரிசெய்வது

பல நேரங்களில் பழுது ஆஃபீஸில் இருப்பதில்லை; அதனுடன் ஒட்டிக்கொண்ட ஏதேனும் ஒரு துணை நிரலில்தான் இருக்கும். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே வேர்டைத் திறந்தால், ‘சேஃப் மோடு’ எனப்படும் பாதுகாப்பு முறையில் திறக்கவா என்று கேட்கும். அப்படித் திறந்தபின் ஒழுங்காக வேலை செய்தால் துணை நிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தாலே போதும்.

அது பலிக்காவிட்டால் செட்டிங்ஸ், ஆப்ஸ் பகுதிக்குப் போய், ஆஃபீஸுக்கு எதிரே உள்ள ‘மாடிஃபை’யை அழுத்த வேண்டும். அங்கு இரண்டு வழிகள் உண்டு. ‘குவிக் ரிப்பேர்’ இணையம் இல்லாமலே சில நிமிடங்களில் முடியும். ‘ஆன்லைன் ரிப்பேர்’ ஏறத்தாழ மறுநிறுவலுக்குச் சமம். நேரம் பிடிக்கும், இணையமும் வேண்டும்.

நீக்குவதற்கு முன்

ஆஃபீஸை நீக்கினால் வேர்டு, எக்ஸெல் கோப்புகள் அழியாது. ஆனாலும் பென் டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்க்கிலோ ஒரு நகல் எடுத்துவைப்பது நல்லது. அவுட்லுக் பயன்படுத்துவோர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பழைய முறைக் கணக்குகளில் மின்னஞ்சல்கள் முழுவதும் பிஎஸ்டி என்ற ஒரே கோப்பில் இருக்கும். சர்வரில் வேறு நகல் இல்லாதபோது, அந்தக் கோப்பு போனால் அஞ்சல்களும் போனதுதான். பெரும்பாலும் டாக்குமென்ட்ஸ் கோப்புறைக்குள் ‘அவுட்லுக் ஃபைல்ஸ்’ என்ற உள்கோப்புறையில் அது இருக்கும்.

ஆஃபீஸ் எந்த மின்னஞ்சல் முகவரியில் பதிவாகியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். உரிமம் அந்தக் கணக்குடன் இணைந்தது. கடவுச்சொல் மறந்திருந்தால் நீக்கும் முன்பே மீட்டுக்கொள்வது அவசியம்.

சில கடைகளில் ஆஃபீஸ் பழுதுக்கும் கணினியையே ‘ஃபார்மேட்’ செய்துவிடுகிறார்கள். அப்போது பாமினி போன்ற பழைய எழுத்துருக்களும் போய்விடும். அவற்றில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகள், எழுத்துருவை மறுபடி நிறுவும்வரை, பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். ஆஃபீஸ் பழுதுக்கு ஃபார்மேட் பெரும்பாலும் தேவையே இல்லை.

நீக்கி நிறுவும் முறை

எல்லா ஆஃபீஸ் செயலிகளையும் மூடிவிட்டு, ஆப்ஸ் பகுதியிலிருந்து ஆஃபீஸை நீக்க வேண்டும். மடிக்கணினியுடன் வந்த சோதனைப் பதிப்பு, பழைய பதிப்பு ஏதேனும் மிச்சமிருந்தால் அதையும் நீக்க வேண்டும். 32 பிட், 64 பிட் பதிப்புகள் ஒரே கணினியில் சேர்ந்து இயங்காது. வழக்கமான முறையில் நீங்காவிட்டால் விண்டோஸில் உள்ள ‘கெட் ஹெல்ப்’ செயலி வழியாக மைக்ரோசாஃப்ட்டின் நீக்கும் கருவியைப் பயன்படுத்தலாம். பிறகு கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அங்கிருந்தே பதிவிறக்கி நிறுவ வேண்டும். கடைசியாக வேர்டில் ‘ஃபைல்’, ‘அக்கவுன்ட்’ பக்கத்தைத் திறந்தால் உரிமம் செயல்படுகிறதா என்பது தெரியும். ஆஃபீஸ் 2016, 2019 பதிப்புகளுக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அவற்றை மீண்டும் நிறுவினாலும் புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்காது.

ஆபத்துகள்

முதலாவது, போலி உதவி எண். மைக்ரோசாஃப்ட்டின் பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் இருக்கவே இருக்காது. “இந்த எண்ணை உடனே அழையுங்கள்” என்று திரையில் வந்தால் அது மோசடி. அழைத்தவரிடம், தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலியை நிறுவச் சொல்வார்கள். அடுத்தது வங்கிக் கணக்குதான்.

இரண்டாவது, உரிமம் இல்லாமலே மென்பொருளை இயங்கவைக்கும் ‘கிராக்’ நிரல். அதை இயக்க ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வது வழக்கம். கடவுச்சொல் திருடும் நிரல்கள் நுழைய அந்தத் திறப்பு போதும். அனுமதியற்ற நகல் என்று தெரிந்தே பயன்படுத்துவது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி குற்றம். 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. லாப நோக்கமோ வணிகமோ இல்லாத இடத்தில் சிறையைத் தவிர்த்து, 50,000 ரூபாய் வரை அபராதம் மட்டும் விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

மூன்றாவது, சில நூறு ரூபாய்க்கு விற்கப்படும் ‘கீ’ என்ற உரிமக் குறியீடு. நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்த உரிமங்கள் இப்படிச் சில்லறையில் வருவதுண்டு. இன்று வேலை செய்யும், பிறகு முடக்கப்படலாம்.

உரிமைகளும் தீர்வுகளும்

விற்றவர் தந்த உரிமம் போலி என்றாலோ, பணம் வாங்கிக்கொண்டு பழுதை நீக்காவிட்டாலோ அது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வரும். முதலில் விற்றவருக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பலனில்லை என்றால், இரண்டு ஆண்டுகளுக்குள், நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது.

போலி உதவி எண்ணில் சிக்கியவர் இணையத்தை உடனே துண்டித்து, வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும்.

இந்த உரிமைகள் எல்லாவற்றுக்கும் ஆதாரம் பில்தான். கணினியோ மென்பொருளோ வாங்கும் அன்றே பில்லைப் படமெடுத்து, பதிவு செய்த மின்னஞ்சல் முகவரியோடு சேர்த்துப் பத்திரப்படுத்துவது ஒவ்வொரு வீட்டிலும் வழக்கமாக வேண்டும்.