புழுங்கல் அரிசியும் புதிய மணிகளும்

திருவள்ளூர் மாவட்டத்துச் செங்குன்றத்தில் அரிசி ஆலைகளைக் கடந்து செல்வோர், அவித்த நெல்லின் மணத்தை நன்கு அறிவர். நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திய பின்னரே குத்துவது நம் முன்னோர் கண்ட முறை. உமி எளிதில் நீங்கும், அரிசி நொறுங்காது என்றே அவர்கள் இதனைக் கைக்கொண்டிருத்தல் கூடும். ஆயினும் இதனுள் வேறொரு நன்மை மறைந்திருந்தது.

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், சென்னை மாகாணத்தின் வட சர்க்கார் மாவட்டங்களில், அதாவது இன்றைய ஆந்திரக் கடற்கரையில், பெரிபெரி என்னும் நோய் மக்களை வாட்டியது. கால்கள் மரத்துப்போகும்; உடல் வீங்கும்; இதயம் தளர்ந்து உயிரும் பிரியும். தீட்டிய பச்சரிசியே அங்கு அன்றாட உணவு. புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களிலோ அந்நோய் அரிது. குன்னூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தில் 1935 முதல் 1945 வரை இயக்குநராயிருந்த அய்க்ராய்டும் அவர்தம் குழுவினரும் இதனை ஆராய்ந்தனர். தவிட்டிலுள்ள 'பி1' உயிர்ச்சத்து, நெல் ஊறி அவியும்போது அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னர் தீட்டினாலும் பெரும்பகுதி தங்கிவிடுகிறது. (அந்நிலையமே 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது.)

எனினும் புழுங்கல் அரிசி போதிய அளவு தராதது ஒன்றுண்டு, அது இரும்புச்சத்து. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையோர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நாள் முழுதும் நின்று உழைத்து, வீடு திரும்பி உலையும் வைக்கும் பெண்ணுக்கு இஃது எத்துணைச் சுமை! மூச்சு வாங்கினால், வேலைக் களைப்பு என்று நாமே சொல்லி முடித்துவிடுகிறோம்.

இக்குறை தீரவே செறிவூட்டிய அரிசி வந்தது. அரிசி மாவுடன் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், 'பி12' உயிர்ச்சத்து ஆகியவற்றைச் சேர்த்து, இயந்திரத்தில் அரிசி மணிபோல் வார்த்து, ஏறத்தாழ 100-க்கு 1 என்ற அளவில் கலப்பர். அரசுத் திட்டங்களில் வழங்கும் அரிசியை 2024-க்குள் இவ்வாறு செறிவூட்டுவதாகப் பிரதமர் 2021 சுதந்திர தினத்தன்று அறிவித்தார். ரேஷன் கடைக்கு அரிசி வருமுன்னே வதந்தி வந்துவிட்டது: 'பிளாஸ்டிக் அரிசி!' நிறம் சற்று வேறுபட்ட அம்மணிகளை முறத்திலிட்டுப் பொறுக்கி எறிந்த இல்லங்கள் உண்டு. தாய்மார்களே, அவ்வாறு எறிந்தது பிள்ளைகளுக்கென்றே சேர்த்த சத்து. தலசீமியா போன்ற இரத்த நோயுடையோர் மட்டும் மருத்துவரைக் கேட்டு உண்பது நலம்.

அரிசியைப் பலமுறை அலசுவதும், வடித்த கஞ்சியைக் கொட்டுவதும் வேண்டா. உணவோடு தேநீர் அருந்தினால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும்; ஆலைச் சிற்றுண்டிச்சாலையில் இப்பழக்கம் மிகுதி. ஒரு மணி நேரம் பொறுத்து அருந்தலாம். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ப்பது நன்று. சோகை முற்றியவர்க்கு அரிசி மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்து, அங்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரைகளை இடைவிடாது உட்கொள்ள வேண்டும்.