அடுப்பும் ஃப்ரிட்ஜும்: பொருளோடு சான்றையும் வாங்குங்கள்

சமையலறைக்குப் புதிதாக கேஸ் அடுப்போ ஃப்ரிட்ஜோ வாங்கப் போனால் நிறம், விலை, தள்ளுபடி, மாதத் தவணை எல்லாவற்றையும் விசாரிக்கிறோம். பொருளின்மேல் இருக்கும் முத்திரையையும், பில்லின் பின்பக்கத்தையும், வாரண்டி கார்டையும் பலர் படிப்பதே இல்லை. அடுப்பில் எரிவாயு இருக்கிறது. ஃப்ரிட்ஜ் இரவு பகலாக மின்சாரத்தில் ஓடுகிறது. இவற்றில் பழுது வந்தால் பணத்தோடு உயிருக்கும் ஆபத்து. அந்த நேரத்தில் சட்டம் நமக்குத் துணை நிற்க, நம் கையில் சான்று இருக்க வேண்டும்.

அடுப்பில் என்ன பார்க்க வேண்டும்?

வீட்டு எல்.பி.ஜி. அடுப்புக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 4246. அடுப்பின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், அதற்கு மேலே இந்த எண்ணும், கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். முத்திரையைப் போலியாகவும் அச்சடிக்கிறார்கள். அதனால் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் உரிம எண்ணைத் தட்டிப் பாருங்கள். தயாரிப்பாளரின் பெயரும், உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். கடையிலேயே இதைச் செய்யலாம்.

இந்தத் தரத்தின்படி அடுப்பின் வெப்பத்திறன் குறைந்தது 68 சதவீதம் இருக்க வேண்டும். அதற்கு மேல் திறன் கூடக்கூட, லேபிளில் தரப்படும் நட்சத்திரமும் கூடும். ஒரு சிலிண்டர் வரும் நாட்களும் கூடும்.

கண்ணாடி அடுப்பு துடைக்க எளிது. ஆனால் சூடாக இருக்கும்போது தண்ணீர் பட்டாலோ, பர்னரை மீறிய பெரிய பாத்திரத்தை நெடுநேரம் வைத்து வெப்பம் கீழே திரும்பினாலோ கண்ணாடி வெடிக்கலாம். அண்டாவும் பெரிய குக்கரும் அடிக்கடி ஏறும் வீட்டுக்கு ஸ்டீல் அடுப்பே பொருத்தம்.

புது கேஸ் இணைப்பு எடுக்கும்போது, “அடுப்பையும் எங்களிடமே வாங்க வேண்டும்” என்று ஏஜென்சியில் சொன்னால் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற அடுப்பை எந்தக் கடையிலும் வாங்கலாம். அது வாடிக்கையாளரின் உரிமை.

ஃப்ரிட்ஜில் நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள்

ஐந்து நட்சத்திர ஃப்ரிட்ஜ் என்றாலே மின்கட்டணம் குறைவு என்று நம்பிவிடுகிறோம். கொள்ளளவையும் வகையையும் பொறுத்தே நட்சத்திரம் தரப்படுகிறது. ஐந்து நட்சத்திரம் பெற்ற பெரிய ஃப்ரிட்ஜ், மூன்று நட்சத்திரம் பெற்ற சிறிய ஃப்ரிட்ஜைவிட அதிக மின்சாரம் இழுக்கக்கூடும். எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ.யின் லேபிளில் ‘ஆண்டுக்கு இத்தனை யூனிட்’ என்று ஓர் எண் இருக்கும். ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

ஒன்று ஆண்டுக்கு 180 யூனிட், மற்றொன்று 250 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டில் வித்தியாசம் 700 யூனிட். தமிழ்நாட்டில் பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் கூடுவதால், நீங்கள் மிச்சப்படுத்தும் யூனிட் உங்கள் பில்லின் விலை கூடிய படியிலிருந்தே குறையும். லேபிளில் அது செல்லுபடியாகும் காலத்தையும் பாருங்கள். நட்சத்திர அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். பழைய லேபிளின் ஐந்து நட்சத்திரம் இன்றைய அளவில் குறைந்துவிடும்.

வாரண்டியில்தான் ஏமாற்றம் அதிகம். ‘கம்ப்ரஸருக்குப் பத்தாண்டு’ என்பது பெரும்பாலும் கம்ப்ரஸர் என்ற உதிரிப்பாகத்துக்கு மட்டுமே. கேஸ் நிரப்பும் செலவு, வேலைக் கூலி, மெக்கானிக் வந்துபோகும் கட்டணம் ஆகியவை முதல் ஆண்டுக்குப் பிறகு உங்கள் தலையில் விழலாம். எது சேரும், எது சேராது என்பதைப் பணம் கட்டுமுன் கார்டில் படித்துக் கேளுங்கள். கூடுதல் வாரண்டி வாங்குவது உங்கள் விருப்பம். அதைத் தருவது தயாரிப்பு நிறுவனமா, வேறு நிறுவனமா என்றும் கேளுங்கள்.

இரண்டையும் எங்கே வைப்பது?

அடுப்புக்குப் பக்கத்தில் ஃப்ரிட்ஜ் வேண்டாம். அடுப்பின் சூட்டில் கம்ப்ரஸர் கூடுதலாக ஓடும் என்பது ஒரு காரணம். இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. எல்.பி.ஜி. காற்றைவிட கனமானது, கசிந்தால் தரையோடு பரவும். ஃப்ரிட்ஜ் தானாக ஓடி நிற்கும்போது எழும் சிறு மின்பொறிகூட அதைப் பற்றவைக்கலாம்.

கேஸ் வாடை அடித்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஃப்ரிட்ஜ் பிளக்கையும் பிடுங்க வேண்டாம். வெளியே வந்த பிறகு 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள். அது 24 மணி நேரமும் இயங்குகிறது.

சிலிண்டர் தரையில் நிமிர்ந்தும் அடுப்பு அதைவிட உயரத்திலும் இருக்க வேண்டும். இரண்டையும் இணைக்கும் சுரக்ஷா டியூபை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இன்றைய ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் இருக்கும் ஆர்-600ஏ என்ற குளிரூட்டும் வாயுவும் தீப்பற்றக்கூடியதே. உறைந்த ஐஸைக் கத்தியால் சுரண்டிக் குழாயைத் துளைத்துவிடாதீர்கள். எர்த் உள்ள மூன்று முனை பாயின்ட் இல்லாமல் ஃப்ரிட்ஜை இயக்கவே கூடாது.

வாங்கும்போது உள்ள உரிமைகள்

பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையில் எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. கேட்பது சட்டவிரோதம். “பில் இல்லாமல் வாங்கினால் குறைத்துத் தருகிறேன்” என்பார்கள். அந்தச் சலுகைக்காக நீங்கள் இழப்பது வழக்குப் போடுவதற்கான முதல் சான்றை. பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்கட்டும். வீட்டில் இறக்கும்போது அந்த எண்கள் பொருந்துகின்றனவா, நசுங்கல் உண்டா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். பெட்டி பிரிப்பதைச் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற அச்சு, குறையுள்ள பொருளைக் காப்பாற்றாது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, பில் தர மறுப்பது முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாதபோது 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. பொருளின் குறையால் உடலுக்கோ உடைமைக்கோ கேடு வந்தால் தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கவும் இச்சட்டம் வழிசெய்கிறது.

பழுதானால் எங்கே போவது?

முதலில் கடைக்கும் நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். போனில் சொன்னால் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மெக்கானிக் எழுதித்தரும் ஜாப் ஷீட்டை ஒவ்வொரு முறையும் வாங்கி வையுங்கள். ஒரே பழுது திரும்பத் திரும்ப வந்தது என்பதை நிரூபிப்பவை அவைதான்.

பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள், தமிழிலும் பேசலாம். பல பிரச்சினைகள் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. ஆனால் அங்கே சமரசம்தான் பேசுவார்கள், தீர்ப்புத் தரமாட்டார்கள்.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். இணையம் வழியாகவும் முடியும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. தேவைப்பட்டால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கவும், குறையைச் சரிசெய்யவும், மாற்றுப் பொருளோ பணமோ இழப்பீடோ தரவும் ஆணையத்தால் உத்தரவிட முடியும். புகாருக்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். “அடுத்த வாரம் ஆள் வரும்” என்ற பதிலை நம்பியே அந்தக் காலத்தைக் கரைத்துவிடாதீர்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்கள், இன்றே பில்லையும் வாரண்டி கார்டையும் எடுத்துப் பாருங்கள். கார்டில் கடை முத்திரையோ தேதியோ விடுபட்டிருந்தால், பொருள் நன்றாக ஓடும்போதே கடைக்குப் போய்ப் போட்டு வாங்கிவிடுங்கள். பில்லை ஒரு படம் எடுத்து வீட்டில் இன்னொருவர் போனிலும் சேமித்து வையுங்கள். கடை பில்லின் மை நாளடைவில் மங்கிவிடும்.