டெரிட்டரி: ஆஸ்திரேலியா தனக்கெனச் செய்துகொண்ட மோட்டார் வண்டி

கரடுமுரடான பாதையில் செல்லும் வண்டி என்றதும் களப்பணியில் இருப்போருக்கு ஜீப்பே நினைவுக்கு வரும். இரண்டு நீண்ட எஃகு உத்தரங்களைக் குறுக்குத் துண்டுகளால் இணைத்து, ஏணியைப் போன்ற சட்டம் ஒன்றை அமைத்து, அதன்மேல் எஞ்சினையும் உடற்பகுதியையும் பொருத்துவது அவ்வண்டியின் கட்டுமான முறை. பள்ளம் மேடுகளுக்கு இச்சட்டம் அஞ்சுவதில்லை. ஆயினும் எடை மிகுதி. நல்ல சாலையில் விரைந்து செல்லும்போது குலுக்கல் மிகுதி. வளைவுகளில் ஓட்டுநர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். இக்குறைகளைப் போக்கும் பொருட்டு, சாதாரண மோட்டார் காரின் அமைப்பையே எடுத்துக்கொண்டு, அதைத் தரையினின்றும் உயர்த்திக் கட்டும் முறை பிறந்தது. அவ்வாறு கட்டப்பட்ட வண்டிகளுக்குக் ‘கிராஸ்ஓவர்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. ஆஸ்திரேலியாவில் 2004 முதல் 2016 வரை உற்பத்தி செய்யப்பட்ட ஃபோர்டு டெரிட்டரி இவ்வகையில் நடுத்தர அளவுள்ள ஒரு வண்டியாகும்.

கிராஸ்ஓவரில் தனிச் சட்டம் கிடையாது. தளம், தூண்கள், கூரை ஆகிய தகட்டுப் பகுதிகள் யாவும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டுப் பெட்டியைப் போல் அமைந்து, அந்தப் பெட்டியே சுமையைத் தாங்குகின்றது. இதனை வகுப்பறையில் எளிதில் விளக்கலாம். காலணி வைக்கும் அட்டைப் பெட்டியொன்றின் மூடியை நீக்கிவிட்டு, இரு முனைகளையும் பிடித்து எதிரெதிராக முறுக்கினால் அது தளர்ந்து கோணும். மூடியைச் சுற்றிலும் ஒட்டிவிட்டு மீண்டும் முறுக்கினால் அசைய மறுக்கும். அட்டையின் கனம் கூடவில்லை. வடிவம் மூடப்பட்டதனாலேயே விறைப்பு வந்தது. குறைந்த எடையில் அதிக விறைப்பு என்பதே இம்முறையின் இலாபம்.

டெரிட்டரியின் வரலாற்றை அறிய, அதன் மூதாதையாகிய ஃபால்கன் என்னும் காரைப் பற்றிச் சிறிது கூறுதல் அவசியம். அமெரிக்காவில் வரையப்பட்ட ஃபால்கனை ஃபோர்டு நிறுவனம் 1960-ல், மெல்போர்ன் நகருக்கு வடக்கிலுள்ள பிராட்மெடோஸ் தொழிற்சாலையில் செய்யத் தொடங்கிற்று. அமெரிக்க நெடுஞ்சாலைகளுக்கு ஏற்ற முன்சக்கரத் தாங்கிகள் ஆஸ்திரேலியாவின் புழுதிச் சாலைகளில் உடைந்தன. வண்டியின் பெயரும் கெட்டது. இழந்த பெயரை மீட்க, 1965-ல் யூ யாங்ஸ் குன்றுகளின் அருகே அமைந்த சோதனைத் தடத்தில் ஐந்து ஃபால்கன்கள் இரவும் பகலும் ஓட்டப்பட்டு, மொத்தம் 70,000 மைல் தூரத்தைக் கடந்தன. பிற நாட்டு வரைபடத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளலாகாது, தன் நிலத்துக்குத் தானே வண்டி சமைக்க வேண்டும் என்ற எண்ணம் அந்நாட்டுப் பொறியாளர்களிடம் வேரூன்றியதற்கு இந்த அனுபவம் ஒரு முக்கியக் காரணம் எனலாம்.

இந்த எண்ணத்தின் முதிர்ந்த கனியே டெரிட்டரி. சுமார் 50 கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவில், 2002-ல் வெளிவந்த புதிய ஃபால்கனின் உறுப்புக்களை அடிப்படையாகக் கொண்டு இது உருவாக்கப்பட்டது. ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் அமைந்த 4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் ஜீலாங் நகரில் வார்க்கப்பட்டது. தொடக்கத்தில் அதன் திறன் 182 கிலோவாட். பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் வகை ஒன்று, நான்கு சக்கரங்களும் எப்போதும் இயங்கும் வகை மற்றொன்று. விரும்பியோர்க்கு ஏழு இருக்கைகளும் உண்டு. பின்கதவு முழுவதையும் தூக்காமல் அதன் கண்ணாடியை மட்டும் திறந்து சாமான்களை எடுக்கலாம். இது சிறிய வசதிதான். ஆயின் கைக்குழந்தையுடன் கடைக்குச் செல்வோர் இத்தகைய வசதிகளையே பெரிதும் மதித்தனர்.

உயரத்தைக் கூட்டினால் ஈர்ப்பு மையமும் உயரும். வளைவில் வண்டி வெளிப்புறமாகச் சாயும். இதனைச் சமாளிப்பதே வடிவமைப்பாளருக்குக் கடினமான வேலை. டெரிட்டரியின் நான்கு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்குமாறு அமைக்கப்பட்டன. ஒரு சக்கரம் கல்லின்மேல் ஏறினாலும் மற்றவை தரையை விடுவதில்லை. சுமார் இரண்டு டன் எடையுள்ள இவ்வண்டி வளைவுகளில் காரைப் போலவே பணிந்து சென்றது எனப் பலரும் பாராட்டினர். அந்நாட்டு மோட்டார் பத்திரிகையாகிய ‘வீல்ஸ்’ 2004-ஆம் ஆண்டின் சிறந்த காராக இதனைத் தேர்ந்தெடுத்தது.

எனினும் ஒரு குறை முதலிலிருந்தே இருந்தது. அந்தப் பெரிய எஞ்சின் பெட்ரோலை நிறையக் குடித்தது. டீசல் எஞ்சினில் காற்று மிகுந்த அளவு அழுத்தப்படுவதால் அதே எரிபொருளிலிருந்து கூடுதல் வேலை கிடைக்கும். காற்றின் வழியை நெரிக்கும் தடுக்கிதழ், பெட்ரோல் எஞ்சினில் உள்ளதைப் போல இதற்குத் தேவைப்படாமையால் மெதுவாக ஓடும்போதும் விரயம் குறைவு. ஃபோர்டு நிறுவனத்தார் பங்குகொண்டு உருவாக்கிய 2.7 லிட்டர் டீசல் எஞ்சினொன்று 2004-லேயே ஐரோப்பிய வண்டிகளில் இடம்பெற்றிருந்தது. டெரிட்டரிக்கு அது கிடைத்ததோ 2011-ல்! அவ்வாண்டு வகைகளில், 100 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் வண்டி 10.6 லிட்டரும் டீசல் வண்டி 8.2 லிட்டரும் செலவிட்டன. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடும் குடும்பத்துக்கு இவ்வேறுபாடு 360 லிட்டராகும். எரிபொருள் விலை ஏறிக்கொண்டிருந்த அந்த ஏழாண்டுகளில் வாங்குவோர் பலர் இறக்குமதி வண்டிகளின் பக்கம் திரும்பிவிட்டனர். இத்தாமதத்தை நிறுவனத்தின் பெரும் பிழை என்றே கூற வேண்டும்.

ஆனால் டீசல் முன்னரே வந்திருந்தாலும் தொழிற்சாலை பிழைத்திருக்குமா என்பது ஐயமே. பன்னிரண்டு ஆண்டுகளில் உற்பத்தியான டெரிட்டரிகள் ஏறத்தாழ 1,78,000. சராசரி ஆண்டுக்கு 15,000-ஐ எட்டவில்லை. அச்சுக்களுக்கும் கருவிகளுக்கும் செய்த முதலீட்டை இத்துணைச் சிறிய எண்ணிக்கையில் பங்கிட்டால் ஒவ்வொரு வண்டியின் மீதும் பெருஞ்சுமை விழும். வெளிநாடுகளில் விற்கவும் வழி குறுகலாக இருந்தது. வலப்புறம் அமர்ந்து ஓட்டும் வகை மட்டுமே செய்யப்பட்டமையால் நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து போன்ற சில நாடுகளுக்கே அது செல்ல முடிந்தது. 2005-ல் ஆஸ்திரேலியாவுக்கும் தாய்லாந்துக்கும் இடையே தடையற்ற வாணிப ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. தாய்லாந்தின் சரக்கு வண்டிகள் சுங்கவரியின்றி ஆஸ்திரேலியாவில் குவிந்தன. டெரிட்டரிக்கோ, எஞ்சினின் கொள்ளளவு கூடக்கூட ஏறும் தாய்லாந்தின் உள்நாட்டு வரி குறுக்கே நின்றது. 1980-களில் 57.5 விழுக்காடாக இருந்த ஆஸ்திரேலியச் சுங்கவரி 2010-ல் 5 விழுக்காடாகக் குறைந்தது. அந்நாட்டு நாணயத்தின் மதிப்பும் உயர்ந்தமையால் இறக்குமதி மேலும் மலிந்தது.

2013 மே மாதம் 23-ஆம் தேதி நிறுவனம் தன் முடிவை அறிவித்தது. முந்தைய ஐந்தாண்டுகளில் 60 கோடி டாலர் நட்டம் என்றும், அங்கு ஒரு வண்டி செய்ய ஆகும் செலவு ஐரோப்பாவினும் இருமடங்கு, ஆசியாவினும் ஏறத்தாழ நான்கு மடங்கு என்றும் கணக்குக் காட்டப்பட்டது. பிராட்மெடோஸிலும் ஜீலாங்கிலுமாகச் சுமார் 1,200 பேர் வேலை இழப்பர் என்று அன்றே தெரிந்தது. தந்தையும் மகனும் ஒரே தொழிற்சாலையில் பணிபுரிந்த குடும்பங்கள் அங்கு உண்டு. உறுப்புக்கள் செய்து தந்த சிறு பட்டறைகளின் கதி தனி. 2016 அக்டோபர் 7-ஆம் தேதி கடைசி வண்டிகள் வெளிவந்தன. 1925-ல் ஜீலாங்கில் தொடங்கிய ஃபோர்டு உற்பத்தி அன்றுடன் நின்றது. மறு ஆண்டு அக்டோபரில் டொயோட்டாவும் ஹோல்டனும் தத்தம் ஆலைகளை மூடவே, அந்நாட்டில் பெருமளவுக் கார் உற்பத்தி அற்றுப்போயிற்று.

டெரிட்டரியின் இடத்தை நிரப்ப முன்வந்த வண்டிகளுள் எவரெஸ்ட் என்பது ஒன்று. தாய்லாந்தில் செய்யப்பட்ட அது பழைய முறைப்படி ஏணிச் சட்டத்தின்மேல் கட்டப்பட்டது. அதனை வடிவமைத்தவர்களோ ஆஸ்திரேலியப் பொறியாளர்களே. ஆலை மூடப்பட்ட பின்னும் ஃபோர்டு அங்கே வடிவமைப்புக் கூடத்தைக் கைவிடவில்லை. டெரிட்டரி என்னும் பெயரைச் சில ஆண்டுகளில் சீனாவில் உருவான முற்றிலும் வேறொரு வண்டிக்குச் சூட்டினர். 1965-ல் ஐந்து ஃபால்கன்கள் ஓடிய யூ யாங்ஸ் தடத்தில், பிற நாட்டு ஆலைகளில் பிறக்கவிருந்த வண்டிகள் சோதனைக்காக ஓடின.