அனகாபுத்தூரில் குழந்தைப் பராமரிப்புத் தொழில்

கைத்தறிக்குப் பெயர்பெற்று, 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்த அனகாபுத்தூரில், பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் கைக்குழந்தையை நாள் முழுதும் கவனிக்கும் முழுநேரப் பராமரிப்பு, பெண்களுக்கு நிலையான தொழிலாக அமையக்கூடியது. முதல் இரு குழந்தைகளுக்கு 2017-ஆம் ஆண்டு மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் கொண்டுவந்த 26 வார விடுப்பு முடிந்து தாய் பணிக்குத் திரும்புகையில், குழந்தை பெரும்பாலும் ஆறு மாதத்தை நெருங்கி, இணை உணவுக்கு, அதாவது தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுக்கும் குழைத்த பருப்புச் சோறு போன்றவற்றுக்குப் பழகும் பருவத்தில் இருக்கும். ஆகவே, ஊட்டுமுன் சோப்பால் கைகழுவுவதும், பால் குடித்தபின் தோளில் சாய்த்து முதுகைத் தட்டி ஏப்பம் விடச்செய்வதும், மல்லாக்கப் படுக்கவைத்துத் தூங்கச்செய்வதும் இத்தொழிலின் அடிப்படைப் பாடங்களாகும். வேலை நேரம், வார விடுப்பு, ஊதியம் ஆகியவற்றை எழுத்தில் பேசி முடித்துக்கொண்டு, தமிழக அரசு 2007-இல் அமைத்த வீட்டுப் பணியாளர் நல வாரியத்திலும் பதிந்துகொள்வது பாதுகாப்பானது.