பாத்திரக் குரல் (புனைகதை)

பாத்திரக் குரல் என்பது கதையிலோ நாடகத்திலோ வரும் ஒரு மாந்தரை, பெயர் சுட்டாமலே அவர் பேச்சைக் கொண்டு இன்னார் என வாசகர் அறியச் செய்யும் தனித்தன்மை ஆகும். சொற்களும் ஒலிப்பும் மட்டுமன்றி, ஒருவர் எதைக் கவனிக்கிறார், யாரிடம் எப்படிக் கேட்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பனவும் இதில் அடங்கும். வட்டார வழக்கில் எழுதினாலே குரல் அமைந்துவிடும் எனப் பலர் கருதுகின்றனர். வழக்கு ஒருவரின் ஊரைக் காட்டும். அவ்வூரில் அவர் யார் என்பதைக் காட்ட அது மட்டும் போதாது.

தமிழ் மரபில்

தொல்காப்பியச் செய்யுளியல் களவில் கூற்று நிகழ்த்துவோராகப் பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, தலைவன், தலைவி ஆகிய அறுவரைக் குறிப்பிடுகிறது. கற்பில் பாணன், கூத்தன், விறலி முதலியோரும் சேர்வர். சங்க அகப்பாடல்களில் இவர்கள் அனைவரும் ஒரே இலக்கிய மொழியில்தான் பேசுகின்றனர். ஆயினும் திருமணத்துக்குத் தலைவனை நெருக்கும் தோழியையும், உடன்போன மகளை எண்ணி வருந்தும் செவிலியையும் பெரும்பாலும் எளிதில் பிரித்தறியலாம். தெருக்கூத்தில் நிலை வேறு. அங்கே அரசர்கள் பாட்டும் வசனமுமாகப் பேச, கட்டியக்காரன் ஊர்ப்பேச்சில் குறுக்கிடுவான்.

ஒரே ஊர், மூன்று குரல்கள்

பெரம்பலூர் மாவட்டத்தின் வேப்பந்தட்டை பருத்தி விளையும் பகுதி. பருத்தி ஆராய்ச்சி நிலையமும் அங்குள்ளது. அங்கே பருத்தி விலை இறங்கியதாக ஒரு காட்சியைக் கற்பனை செய்து கொள்ளலாம்.

விவசாயி: "இந்த வெலைக்குப் போட்டா எடுப்புக் கூலிக்கே பத்தாது."

வியாபாரி: "பஞ்சுல ஈரம் இருக்கே அண்ணே, நான் என்ன பண்ணட்டும்?"

விவசாயியின் தாய்: "மாசியில காதுகுத்துன்னு சொல்லிட்டு வந்துட்டமேடா."

மூவர் பேசுவதும் ஒரே வட்டாரப் பேச்சுதான். விவசாயி கணக்குப் பார்க்கிறார், வியாபாரி பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறார். தாயோ விலையைப் பற்றியே பேசவில்லை. கொடுத்த வாக்கை நினைக்கிறார். தாயின் வரியை வியாபாரியின் வாயில் வைக்க முடியாது. எழுதியவர் தம் உரையாடலைச் சோதிக்க இவ்வாறு வரிகளை இடம் மாற்றிப் பார்ப்பது பயனுள்ள வழியாகும்.

புதினங்களில்

ஆர். சண்முகசுந்தரத்தின் நாகம்மாள் (1942) கொங்குப் பேச்சை உரையாடலில் கொண்டுவந்த முன்னோடிப் புதினம். பாமாவின் கருக்கு (1992) ஒரு படி மேலே சென்று, கதை சொல்லும் மொழியையே பேச்சுவழக்காக்கியது. கல்லாதவரின் பேச்சு நகைச்சுவைக்கு மட்டுமே உரியது என்ற வழக்கத்தை இத்தகைய ஆக்கங்கள் உடைத்தன.

வெள்ளாற்றுக்கு வடக்கே, கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த இமையம் எழுதிய கோவேறு கழுதைகள் (1994) இப்பொருளில் சிறந்த எடுத்துக்காட்டு எனலாம். ஒடுக்கப்பட்டோருக்கும் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்துப் பெண் ஆரோக்கியம் இதன் மையப் பாத்திரம். வீட்டு வாசல்களில் சோறு கேட்கும்போது அவள் குரல் தாழ்ந்து கெஞ்சும். தன் வீட்டாரிடம் அதே குரல் கடிந்துகொள்ளும். துயரத்தில் ஒப்பாரியாக நீளும். ஊரில் அவளுக்குள்ள இடம் இந்த மாற்றங்களிலேயே தெரிந்துவிடுகிறது.

இப்புதினத்தை 2001 இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். நடுநாட்டுப் பேச்சின் ஒலியை ஆங்கிலத்தில் கொண்டுவர வழியில்லை. யாரிடம் கெஞ்சுகிறாள், யாரைக் கடிகிறாள் என்பவை ஆங்கிலத்திலும் தங்கியிருப்பதால் ஆரோக்கியத்தை அங்கும் அடையாளம் காண முடிகிறது.