ஜிங்கரேபர் பள்ளிவாசல்: மண்ணால் எழுந்த மரபுரிமை

அறிமுகம்
மேற்கு ஆபிரிக்காவிலுள்ள மாலி நாட்டில், சகாரா பாலைவனத்தின் தென் விளிம்பில் அமைந்த நகரம் டிம்பக்டு ஆகும். நைகர் நதிக்கு அண்மையில் அமைந்திருந்தமையால், ஒட்டகங்களில் வந்த உப்பும் தெற்கிலிருந்து வந்த பொன்னும் இங்கு கைமாறின. இந்நகரின் மிகப் பழைய பொதுக் கட்டடங்களுள் ஒன்றே ஜிங்கரேபர் பள்ளிவாசல்.

தோற்றம்
மாலிப் பேரரசன் மன்சா மூசா 1324 இல் மக்காவுக்கு யாத்திரை சென்றான். திரும்பி வந்தபின் இப்பள்ளிவாசலை அமைப்பித்தான். 1327 இல் இது கட்டப்பட்டது என்பதும், கிரனாடாவைச் சேர்ந்த கவிஞர் அல்-சாஹிலி இதனை வடிவமைத்தார் என்பதும் மரபு வழிச் செய்தியாகும். பின்னர் 1570 - 1583 காலப்பகுதியில் நகரின் காதி அல்-ஆக்கிப் இதனை மீளக் கட்டி, தென்பகுதி முழுவதையும் புதிதாகச் சேர்த்தார்.

மண் கட்டடம் நிலைத்தது எவ்வாறு?
களிமண், வைக்கோல், மரம் என்பனவே இதன் பிரதான கட்டடப் பொருட்கள். சில பகுதிகளில் சுண்ணக்கல்லும் பயன்பட்டுள்ளது. மழை பெய்யும்போது மண்பூச்சு கரையும். எனவே கொத்தர்களின் வழிகாட்டலில் ஊர்மக்கள் ஒன்றுகூடிச் சுவர்களுக்கு மீண்டும் மண் பூசுவர். மினாராவில் வெளியே நீட்டி நிற்கும் மரக்கட்டைகள் இவ்வேலையின்போது ஏறி நிற்கும் சாரமாக உதவுகின்றன. ஆகவே இக்கட்டடம் நிலைத்தமைக்குக் காரணம் பொருளின் உறுதியன்று. தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பராமரிப்பேயாகும்.

அழிவும் மீட்பும்
1988 இல் யுனெஸ்கோ டிம்பக்டுவை உலக மரபுரிமையாகப் பிரகடனம் செய்தது. மணல் மூடும் அபாயத்தினால் 1990 இல் ஆபத்துக்குள்ளான மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, 2005 இல் நீக்கப்பட்டது. 2012 இல் நகரைக் கைப்பற்றிய ஆயுதக் குழுவினர் பல அடக்கத்தலங்களை உடைத்தனர். ஜிங்கரேபரை ஒட்டியிருந்த இரண்டும் அவற்றுள் அடங்கும். அவ்வாண்டிலேயே நகரம் மீண்டும் அப்பட்டியலில் இடம்பெற்றது. உள்ளூர்க் கொத்தர்கள் பழைய முறையிலேயே அடக்கத்தலங்களை மீளக் கட்டினர். இப்பணி 2015 இல் நிறைவுற்றது. 2016 இல் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம், இவ்வழிப்பில் பங்குகொண்ட ஒருவருக்கு 9 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. பண்பாட்டுச் சின்னங்களை அழிப்பது போர்க்குற்றம் என்பதை இத்தீர்ப்பு உலகுக்கு உணர்த்தியது.

நினைவிற் கொள்க
• 1327 - மரபு வழிக் கட்டட ஆண்டு
• 1570 - 1583 - மீள்கட்டுமானம்
• 1988 - உலக மரபுரிமை
• 2012 - அடக்கத்தலங்கள் அழிப்பு
• 2016 - நீதிமன்றத் தீர்ப்பு

பயிற்சி வினாக்கள்
1. டிம்பக்டு வர்த்தக நகராக வளர்ச்சியடைய ஏதுவாயிருந்த காரணிகள் இரண்டு தருக.
2. மினாராவில் நீட்டி நிற்கும் மரக்கட்டைகளின் பயன் யாது?
3. “மரபுரிமையைப் பாதுகாப்பதில் சட்டத்தைப் போலவே மக்கள் பங்களிப்பும் இன்றியமையாதது.” ஜிங்கரேபர் பள்ளிவாசலை ஆதாரமாகக் கொண்டு விளக்குக.